அத்தியாயம் 6: கேட்டடியில் ஒரு தண்ணீர்ச் சட்டி

பெப்ரவரியில் மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் மடவளை பஸாரில் வழக்கமான காட்சி தொடங்கிவிடும். பகல் பதினொரு மணிக்கு மேல் கட்டாக்காலி நாய்கள் கடைத் தாழ்வாரங்களின் நிழலில் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்திருக்கும். சாப்பாட்டுக் கடைப் பக்கமிருந்து கானில் கழுவல் தண்ணீர் வந்தால் எழுந்து போய் அதைக் குடித்துவிட்டு மறுபடி படுக்கும். 'ஒரு சட்டியில் நல்ல தண்ணீர் வைத்தால் என்ன?' என்று நினைத்திருக்கிறீர்களா? அப்படியானால் மேலே படியுங்கள். வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கும் முறை இதுதான். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். தண்ணீர் வைக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் வைத்ததைத் தினமும் கொட்டி, சட்டியைத் தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்ப ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று வீட்டில் முடிவாகும்வரை சட்டி வாங்காதீர்கள். கவனிப்பாரற்ற சட்டி நாய்க்கு உதவுவதைவிட நுளம்புக்குத்தான் அதிகம் உதவும்.

எவ்வளவு தண்ணீர் தேவை?

ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிலீற்றர். நம் தெருக்களில் திரியும் நாய் பெரும்பாலும் 12 முதல் 18 கிலோ இருக்கும். ஆகவே நாயொன்றுக்கு ஒரு லீற்றர் என்று கணக்கு வையுங்கள். வெயில் நாளிலும், குட்டிக்குப் பால் கொடுக்கும் பெட்டைக்கும் இது இரண்டு மூன்று மடங்காகும். நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்து, நாக்கிலிருந்து நீரை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணிக்கிறது. தண்ணீர் தீர்ந்தால் அந்த வழி அடைபடும். இந்த அத்தியாயத்துக்கு இவ்வளவு விஞ்ஞானம் போதும்.

நாய் நாக்கைப் பின்பக்கமாக மடித்து வேகமாக அடித்துக் குடிக்கும். அதனால் கால்வாசித் தண்ணீர் வெளியே தெறித்தாலும் ஆச்சரியமில்லை. நான்கு நாய்கள் வரும் இடமானால் காலையில் நான்கு லீற்றர், பின்னேரம் நான்கு லீற்றர் என்று திட்டமிடுங்கள்.

இடம் பார்த்தல்

பாத்திரத்துக்கு முன் இடத்தைத் தீர்மானியுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

1. காலை பத்து மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் போய் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பத்து மணி நிழல் இரண்டு மணிக்கு அங்கே இருக்காது. பகல் நிழல்தான் முக்கியம்.

2. வீதி விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி வையுங்கள். கண்டிப் பக்கத்துக் குறுகலான வளைவுகளில் பஸ்ஸுக்கும் திரீவீலருக்கும் நடுவே நாய் குனிந்து குடிக்கும்படி வைத்தால் அதை நாமே கொன்றது போலாகும். கேட்டுக்கு உள்ளே வைத்து, நாய் தலையை நீட்டிக் குடிக்க அடியில் இடைவெளி விடுவது நல்ல ஏற்பாடு.

3. பிள்ளைகள் மத்ரஸாவுக்கும் பாடசாலைக்கும் போகும் பாதை, பள்ளிவாசல் வாசல், கடை வாசல் மூன்றையும் தவிருங்கள். நாய்க்குப் பயப்படுபவர் அந்த வழியால் போகாமலிருக்க முடியாது. அவர் முறைப்பாடு செய்தால் சட்டி ஒரே நாளில் போய்விடும்.

4. சாப்பாடு போடும் இடத்திலிருந்து குறைந்தது பத்து அடி தள்ளி வையுங்கள். சாப்பாட்டுக்கு அருகில் நாய்கள் சண்டைபிடிக்கும். எலும்பும் சோறும் தண்ணீரில் விழுந்து அரை நாளில் நாறும்.

5. இரண்டு கூட்டம் நாய்கள் வரும் இடமானால் ஒரு பெரிய தொட்டியை விட ஒன்றையொன்று பார்க்காத இரண்டு சிறிய சட்டிகள் நல்லது.

6. சரிவான வளவில் மதிலடியிலோ மண்மேட்டின் காலடியிலோ கொட்டும் தண்ணீர் தேங்கக்கூடாது. மண்சரிவு என்றால் என்னவென்று மலைநாட்டாருக்கு விளக்கத் தேவையில்லை. கொட்டுகிற தண்ணீர் வாழையடிக்கோ கானுக்கோ ஓட வழி இருக்கட்டும்.

எந்தப் பாத்திரம்?

ஐஸ்கிறீம் டப்பா வேண்டாம். அது காலையில் வைத்தால் மாலையில் அடுத்த வளவில் கிடக்கும். குட்டி நாய் கடித்துத் துண்டாக்கி விழுங்கவும் கூடும். அலுமினியச் சட்டி வெயிலில் சூடேறும், குரங்கு வந்தால் கவிழும். செம்முகக் குரங்குகள் வருகிற வளவுக்காரர்களுக்கு நான் சொல்லாமலே தெரியும். மண்சட்டி தண்ணீரைக் குளிர்ச்சியாக வைக்கும். ஆனால் அதன் நுண்துளைகளில் பாசியும் வழுவழுப்பும் ஏறிக்கொண்டால் தேய்த்தும் போகாது. மூன்று மாதத்துக்கொருமுறை புதுச்சட்டி வாங்க மனமிருந்தால் மண்சட்டி வையுங்கள்.

பாதியாக வெட்டிய பழைய டயரை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதன் உள்மடிப்பில் தேங்கும் தண்ணீரை யாராலும் முழுதாகக் கொட்ட முடியாது. டெங்கு நுளம்புக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது.

என் தெரிவு சீமெந்துச் சட்டி. பத்துக் கிலோ கனம் இருந்தால் நாயும் குரங்கும் கவிழ்க்க முடியாது. நீங்கள் ஒரு பக்கம் சாய்த்துக் கொட்டலாம். விலையும் அதிகமில்லை. ஒரு சனிக்கிழமைக் காலை போதும், நீங்களே செய்யலாம்.

சீமெந்துச் சட்டி செய்யும் முறை

தேவையானவை: வாய் 30 முதல் 32 சென்டிமீற்றர் அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் பேசின், 24 சென்டிமீற்றர் அகலமுள்ள இன்னொன்று, சீமெந்து, ஆற்று மணல், சிறு கருங்கல் துண்டு, தேங்காயெண்ணெய் கொஞ்சம், ஒரு சாக்கு, இறப்பர் கையுறை.

1. கையுறையை முதலில் போடுங்கள். ஈரச் சீமெந்து தோலைப் புண்ணாக்கும். தொட்ட உடனே எரியாது, இரவில்தான் தெரியும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

2. பெரிய பேசினின் உட்புறத்திலும் சிறிய பேசினின் வெளிப்புறத்திலும் எண்ணெய் பூசுங்கள்.

3. சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, கல் இரண்டு பங்கு. முதலில் தண்ணீர் இல்லாமல் கலந்து, பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீர் விடுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். கஞ்சிபோல் ஓடினால் தண்ணீர் கூடிவிட்டது. அந்தச் சட்டி வெடிக்கும்.

4. பெரிய பேசினின் அடியில் மூன்று சென்டிமீற்றர் கனத்துக்குக் கலவையை இட்டு அமுக்குங்கள். நடுவில் சிறிய பேசினை வைத்து, அதற்குள் கல்லோ மணலோ போட்டுப் பாரமேற்றுங்கள்.

5. இரண்டு பேசினுக்கும் இடையே கலவையை நிரப்பி, ஒரு தடியால் குத்திக் குத்தி இறுக்குங்கள். வெளிப் பேசினைக் கையால் தட்டினால் காற்றுக் குமிழ் மேலே வரும்.

6. 24 மணி நேரம் கழித்து உள்பேசினை மெல்லத் திருகி எடுங்கள். உட்புறத்தில் சீமெந்துப் பால் பூசி வழுவழுப்பாக்குங்கள். விளிம்பை விரலால் உருட்டிவிடுங்கள். கூரான விளிம்பு நாயின் தாடையைக் கிழிக்கும்.

7. ஏழு நாள் ஈரச்சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். சாக்கு காயவிடாதீர்கள்.

8. பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றி, தினமும் மாற்றி, இன்னும் ஏழு முதல் பத்து நாள் ஊறவிடுங்கள். புதுச் சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு வாயையும் வயிற்றையும் அரிக்கும். இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். அவசரப்பட்டு வைத்த புதுச்சட்டியை நாய் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்த அளவில் செய்தால் நான்கு லீற்றருக்குச் சற்று மேல் பிடிக்கும். ஆழம் பத்து சென்டிமீற்றர் போதும். குட்டிகள் விழுந்தாலும் ஏறி வரும். அணிலும் ஓணானும் விழுந்து சாகாமலிருக்க உள்ளே ஒரு ஓரத்தில் கருங்கல் ஒன்றை வையுங்கள்.

தினசரி வேலை

இந்த அத்தியாயத்தில் மிக முக்கியமான பகுதி இது. மற்றதையெல்லாம் தாண்டிப் போனாலும் இதைப் படியுங்கள்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் நுளம்பு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டவைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறி அதைத் தொட்டால் பொரிக்கும். பொரித்த குடம்பி ஏழு முதல் பத்து நாளில் நுளம்பாகப் பறந்துவிடும். சட்டியில் தண்ணீர் குறைந்ததும் 'மேலால் கொஞ்சம் ஊற்றுவோம்' என்று நாம் செய்யும் காரியம் சுவரில் ஒட்டிய முட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பதாகும். கொட்டாமல் ஊற்றக்கூடாது. கொட்டினாலும் தேய்க்காமல் ஊற்றக்கூடாது.

2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. அந்த வருடத்தை அனுபவித்தவர்கள் தேங்கிய தண்ணீரைக் கண்டால் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வளவில் குடம்பி கண்டுபிடிக்கப்பட்டால் வளவுக்காரர்தான் பொறுப்பு. 'நாய்க்கு வைத்தேன் ஐயா' என்று பி.எச்.ஐ.யிடம் சொன்னால் அவர் மனம் இளகலாம், சட்டம் இளகாது.

காலை, ஸுபஹுக்குப் பிறகு:

1. சட்டியைச் சாய்த்து முழுவதும் கொட்டுங்கள்.
2. நீண்ட பிடியுள்ள பிரஷ்ஷாலோ தடியில் கட்டிய தும்பாலோ உட்சுவரை, முக்கியமாகத் தண்ணீர்க் கோடு படிந்த இடத்தை, சுற்றிச் சுற்றித் தேயுங்கள். முப்பது சுற்று. எண்ணிக்கொண்டே செய்தால் குறையாது.
3. ஒருமுறை கழுவிக் கொட்டுங்கள்.
4. புதுத் தண்ணீர் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை.

பின்னேரம், அஸருக்குப் பிறகு: கொட்டி, கழுவி, நிரப்புங்கள். தேய்ப்பது காலையில் செய்தால் போதும்.

வாரத்தில் ஒருநாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு லீற்றர் தண்ணீருக்கு வீட்டுப் பிளீச் இரண்டு மேசைக்கரண்டி கலந்து சட்டியில் பத்து நிமிடம் விடுங்கள். கொட்டி, மூன்று முறை அலசி, வாடை போகும்வரை வெயிலில் காயவையுங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் வினாகிரி போடலாம், ஆனால் வேறொரு நாளில். பிளீச்சும் வினாகிரியும் கலந்தால் நச்சுவாயு வரும். மூடிய குளியலறையில் இதைச் செய்து மூச்சுத் திணறியவர்கள் உண்டு.

தொழுகை நேரத்தோடு வேலையை முடிச்சுப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. மணிக்கூட்டைப் பார்த்துச் செய்ய நினைக்கும் வேலை பத்து நாளில் மறந்துவிடும். எப்படியும் எழும்பிச் செய்யும் காரியத்துக்குப் பின்னால் கட்டிவிட்டால் நிற்கும். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா காலையில் பூப்பறிக்க வரும்போது செய்கிறார் என்றால் அதுவும் நல்ல ஏற்பாடுதான்.

குறிப்பு: குடம்பியைக் கொல்ல உப்பு, மண்ணெண்ணெய், எஞ்சின் எண்ணெய் ஊற்றும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. குடிக்கிற தண்ணீரில் இவை எதுவும் வேண்டாம். பூச்செடிச் சாடியின் தட்டில் தேங்கும் தண்ணீரையும் பாருங்கள். சட்டியைச் சுத்தமாக வைத்துவிட்டு அதை மறந்தவர்கள் பலர்.

எச்சில், கை, உடை

மடவளை போன்ற ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நாயின் ஈர எச்சில் பட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் ஆசையிருந்தும் தண்ணீர் வைக்காதவர்களை எனக்குத் தெரியும். உம்மாமார் கேட்பது இதைத்தான்: "வெக்கிறது நல்லதுதான் மகன், பொறகு வீட்டுக்குள்ள அந்த நஜீஸ் வராதா?"

தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்த மனிதனின் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. எனவே வைக்கலாமா என்று யோசிக்க வேண்டியதில்லை. வைக்கும் முறையைத்தான் ஒழுங்குபடுத்த வேண்டும். நம்மிடையே நடைமுறையில் உள்ள ஷாபிஈ மத்ஹபின்படி, நாயின் எச்சில் பட்டதை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கரைத்த நீரால். இதை வேலைத் திட்டத்துக்குள் கொண்டுவருவது கஷ்டமில்லை:

1. சட்டி, பிரஷ், கையுறை, ஒரு வாளி நான்கும் நாய்க்கு மட்டுமே. அவற்றில் சிவப்புப் பெயின்ற் பூசி, வெளியே தனிக் கொளுக்கியில் மாட்டுங்கள். சட்டி சமையலறைக்குள் வரவே தேவையில்லை.
2. தண்ணீர் கொண்டுபோகும் வாளியைச் சட்டிக்குள் முக்காதீர்கள். உயரத்திலிருந்து ஊற்றுங்கள்.
3. பழைய தண்ணீரைக் கொட்டும்போது உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாயுங்கள். சாரம் தெறிப்பதும் இந்த இடத்தில்தான்.
4. வெளிக்குழாய்க்கு அருகே ஒரு டின்னில் சுத்தமான மண்ணைச் சலித்து வையுங்கள். கை பட்டுவிட்டால் அங்கேயே வேலை முடிந்துவிடும்.

மேலதிகச் சந்தேகங்களை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சமயத்தவராக இருந்தாலும் முதல் மூன்று படிகளைப் பின்பற்றுங்கள். நாயின் பாத்திரத்தைக் கழுவிய கையோடு தேங்காய் துருவப் போகக்கூடாது என்பது சுகாதாரம்.

பீலி: மலைச்சரிவின் வரம்

தோட்டப்புறத்தில் பீலிக்கரை என்றால் எல்லோருக்கும் தெரியும். மேட்டிலிருந்து ஊற்று நீரைக் குழாயில் இறக்கி ஓடவிடும் இடம். உங்கள் வளவில் வற்றாத ஊற்று இருந்தால், நாய்க்கு அதைவிட நல்ல நீரூற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஓடும் தண்ணீரில் நுளம்பு முட்டையிடாது, குளிர்ச்சியும் மாறாது. பைப் தண்ணீரை இப்படித் திறந்துவிடாதீர்கள். நீர் வழங்கல் சபையின் பில் வரும்போது தர்மமும் மறந்துபோகும்.

1. ஊற்றுவாயில் நைலோன் வலையும் அதன்மேல் துணியும் கட்டுங்கள். ஓடைத் தண்ணீரில் நீரட்டைக் குஞ்சுகள் இருக்கும். குடிக்கும்போது நாயின் மூக்குக்குள் ஏறி இரத்தம் குடித்துப் பெருக்கும். ஒரு நாசியால் மட்டும் இரத்தம் வடிந்து நாய் ஓயாமல் தும்மினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். நீங்களே இழுக்கப் போகாதீர்கள், மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.
2. அரை அங்குல எஸ்லோன் குழாயை மண்ணுக்கடியில் ஒரு சாண் ஆழத்தில் இறக்குங்கள். வெளியே கிடந்தால் வெயிலில் சூடாகும், குட்டிகள் கடிக்கும்.
3. குழாய் வாயைச் சட்டிக்கு ஒரு சாண் உயரத்தில் நிறுத்துங்கள். விரல் கனத்துக்குக்கூட வேண்டாம், நூல் போல ஓடினால் போதும்.
4. நிரம்பி வழியும் தண்ணீர் ஒரே பக்கமாக இறங்கும்படி சட்டி விளிம்பில் ஒரு வெட்டு வைத்து, அங்கிருந்து வாழையடிக்கு வாய்க்கால் இழுங்கள்.
5. ஓடினாலும் வாரம் இருமுறை தேயுங்கள். ஓரங்களில் தண்ணீர் ஓடாமல் நிற்கும், அங்கே பாசி பிடிக்கும்.

மிதவைத் தொட்டி

காலையில் வேலைக்குப் போய் இரவில் வருபவர்களுக்கு, நாய் குடிக்கக் குடிக்கத் தானே நிரம்பும் தொட்டி உதவும். மேட்டில் மூடிய பீப்பாய், கீழே தொட்டி, நடுவில் போல் வால்வ். ஒவ்வொரு மீற்றர் உயரத்துக்கும் அழுத்தம் ஒரு பாரில் பத்திலொரு பங்குதான் கூடும். ஹாட்வெயார் கடையில் 'குறைந்த அழுத்தத்துக்கானது' என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண வால்வில் தண்ணீர் மிக மெதுவாகத்தான் வரும்.

மிதவைக்கு மேல் கொங்கிறீட் மூடியோ தகடோ போட்டே ஆகவேண்டும். நாய்க்கு அது பந்து. தொட்டியின் அடியில் ஒன்றரை அங்குல வடிகால் துளையும் அடைப்பானும் வைக்க மேசன் பாஸிடம் முதலிலேயே சொல்லுங்கள். கட்டி முடித்தபின் சொன்னால் அவர் தலையைச் சொறிவார். வடிகால் இல்லாத மிதவைத் தொட்டியைக் கட்டவேண்டாம் என்பதே என் கருத்து. அது எப்போதும் நிறைந்திருப்பதால் யாரும் கொட்டுவதில்லை. மூன்று நாளுக்கொருமுறை முழுக்க வடித்துத் தேய்க்க வேண்டும். டெங்குக் கட்டுப்பாட்டுக்காகக் கப்பி மீன் விடுவதும் இங்கே வழக்கம். விடலாம், ஆனால் தேய்க்கும் வேலையை மீன் செய்யாது. பிளீச் போடும் நாளில் மீனை வாளிக்கு மாற்ற மறந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

மோட்டார் வைத்துப் பீறிடும் ஊற்றுகள் கடைகளில் அழகாக இருக்கின்றன. வீட்டுக்குள் வைக்கலாம். வெளியே வைப்பதானால் 12 வோல்ட்டோ அதற்குக் குறைவோ உள்ளதை மட்டும் வாங்குங்கள். 230 வோல்ட் வயரை ஈர மண்ணில், நாய் கடிக்கும் உயரத்தில் இழுப்பது உயிரோடு விளையாடுவது. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்ற தைரியமும் வேண்டாம். ஏப்ரல் பின்னேர இடிமழையில் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே எடுங்கள்.

பொது இடத்தில் வைப்பதானால்

வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சிங்களக் கிராமங்களில் பாதையோரப் பின்தாலியப் பானை இருந்தது. யாழ்ப்பாணத்தில் சுமைதாங்கிக்கும் ஆவுரிஞ்சிக் கல்லுக்கும் பக்கத்தில் மாடு குடிக்கத் தொட்டி கட்டினார்கள். இலண்டனில் 1859இல் தொடங்கிய குடிநீர் ஊற்றுச் சங்கம் 1867இல் கால்நடைத் தொட்டியையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. அவர்களின் பல ஊற்றுகளின் அடியில் நாய்க்கென்று ஒரு சிறு குழி உண்டு. கண்டி நகரில் தலதா மாளிகைப் பக்கம் நிற்கிற பழைய ஊற்று, 1875இல் வேல்ஸ் இளவரசர் வந்ததன் நினைவாகக் கோப்பித் தோட்டத் துரைமார் கட்டியது. அவர்கள் இளவரசரை நினைத்தார்கள், நாயை நினைத்ததாகத் தெரியவில்லை.

நாம் அந்த அடிக்குழியை எடுத்துக்கொள்வோம். கைகழுவும் குழாய் ஏற்கெனவே இருக்கும் இடத்தில், விழும் தண்ணீரின் ஒரு பகுதி தரையிலிருந்து ஒரு சாண் உயரச் சட்டிக்கு வரும்படி செய்யலாம். சவர்க்காரம் போட்டுக் கழுவும் குழாயாக இருந்தால் இது சரிவராது. குடிக்க மட்டுமான குழாயாக இருக்க வேண்டும். வீதியோரமானால் பிரதேச சபையிடம் எழுதிக் கேளுங்கள். பொதுக் குழாயிலிருந்து அனுமதியில்லாமல் இணைப்பு எடுக்காதீர்கள். கடிதத்தில் 'யார் தினமும் கழுவுவது' என்பதற்கு இரண்டு பேரின் பெயரை எழுதுங்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் அதிகாரிகள் முடிவெடுப்பார்கள். தடுப்பூசி போடும் குழு ஊருக்கு வரும்போது நாய்கள் கூடும் இடம் எதுவென்று காட்டவும் அந்தச் சட்டி உதவும்.

நாயோடு நடக்கும்போது

வெயில் காலத்தில் காலை எட்டுக்கு முன், மாலை ஐந்துக்குப் பின். தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் முடியாது. ஒரு மணி நேர நடைக்கு அரை லீற்றர் போத்தலும் மடிக்கும் கிண்ணமும் எடுங்கள். கிண்ணம் இல்லாவிட்டால் சிரட்டை போதும். ஏற்றம் ஏறிக் களைத்த நாய்க்கு ஒரே தடவையில் முழுவதும் கொடுக்காதீர்கள். நாலு மடக்கு, இரண்டு நிமிடம் ஓய்வு, பிறகு நாலு மடக்கு. பச்சை படர்ந்து கிடக்கும் குளத்து நீரைக் குடிக்க விடாதீர்கள். சில பாசிகள் நஞ்சு. வயல் வாய்க்காலிலும் குட்டைகளிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அதற்கான தடுப்பூசி பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

வெயில் தாக்கினால்

அடையாளம்: நிற்காத மூச்சிரைப்பு, கெட்டியான கோழை வாய், கருஞ்சிவப்பான ஈறு, தள்ளாட்டம், வாந்தி. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வரவேண்டும். வராவிட்டால் தாமதிக்காதீர்கள்.

1. நிழலுக்குத் தூக்குங்கள்.
2. சாதாரணக் குழாய்த் தண்ணீரை வயிறு, கவடு, பாதம் என்று ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துவாயைப் போர்த்தி விடாதீர்கள், சூடு உள்ளே தங்கும்.
3. சுயநினைவிருந்து தானாகக் குடித்தால் கொடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும்.
4. தண்ணீர் ஊற்றிச் சற்றுக் குளிர்ந்ததும் வாகனத்தில் ஏற்றுங்கள். கண்ணாடி திறந்திருக்கட்டும்.

பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை நமக்குப் பக்கத்தில் இருப்பது அதிர்ஷ்டம். அதன் தொலைபேசி இலக்கத்தையும் திறக்கும் நேரத்தையும் இன்றே கேட்டுக் குறித்து வையுங்கள்.

விசர் நாய் வந்தால்

'நீர்வெறுப்பு நோய்' என்ற பெயர் ஒரு பொய்யான தைரியத்தைக் கொடுக்கிறது: தண்ணீர் குடிக்கிற நாய்க்கு விசர் இல்லையாம். தவறு. விசர் பிடித்த நாய் தண்ணீரைக் கண்டு பயப்படுவதில்லை. சட்டியில் வாய் வைக்கவும் செய்யும். தொண்டை செயலிழப்பதால் விழுங்க முடியாமல் போகும். குனிந்தும் குடிக்க முடியாமல் கோழை வடிய நிற்கும் நாய், தாடை தொங்கும் நாய், காரணமின்றிக் கல்லையும் கட்டையையும் கடிக்கும் நாய் ஆகியவற்றின் அருகே போகாதீர்கள். பிள்ளைகளை உள்ளே எடுங்கள், பி.எச்.ஐ.க்கு அறிவியுங்கள். நாய் போனபின் கையுறையோடு சட்டியைக் கொட்டி, சவர்க்காரமும் பிளீச்சும் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

கடித்தால், கீறினால், புண்ணில் எச்சில் பட்டால்: ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நினைப்பதைவிட நீளமானது. மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் அப்பாதீர்கள். அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். உங்கள் சொந்த நாய்க்கு வருடாந்தத் தடுப்பூசி தவறக்கூடாது. சட்டிக்கு வரும் நாய்களைத் தடவாதீர்கள். தண்ணீர் வைக்கிற உரிமை, தொட்டுப் பார்க்கிற உரிமை ஆகாது.

வீட்டில் ஆளில்லாத நாட்களில்

உம்ராவுக்கோ கொழும்பில் கலியாண வீட்டுக்கோ நான்கு நாள் போகிறீர்கள் என்றால், சட்டியை நிறைத்துவிட்டுப் போகாதீர்கள்.

1. போவதற்கு ஒரு வாரம் முன்பே பக்கத்து வீட்டில் ஒருவரிடம் பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, ஒருநாள் உங்கள் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். வாயால் சொல்லிக் கொடுத்த தேய்ப்பு தேய்ப்பாகாது.
2. பொறுப்பெடுக்க ஆளில்லையென்றால், புறப்படும் நாள் காலையில் சட்டியைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, கவிழ்த்துவிடுங்கள். நாய்கள் நான்கு நாள் வேறெங்காவது குடிக்கும்.
3. திரும்பி வந்ததும் பெட்டியைத் திறக்கும் முன் சட்டியை நிமிர்த்தி, மறுபடி தேய்த்து, நிரப்புங்கள். முதல் நாள் எதுவும் வராவிட்டால் கவலை வேண்டாம். இரண்டாம் நாள் காலையில் சட்டியைச் சுற்றி மண்ணில் ஈரப் பாதத்தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.